உலை

உலை என்னும் சொல் கொல்லன் இரும்பைக் காய்ச்சும் நெருப்பிடத்தையும், அரிசி களைந்து இடுவதற்காக அடுப்பிலேற்றிய கொதிநீரையும் ஒருங்கே குறிப்பது. கன்னடத்தில் அடுப்புக்கு வழங்கும் ‘ஒலெ’ இதன் உடன்பிறப்பாதலின், இருமொழியும் கலந்தொலிக்கும் ஓசூரில் இச்சொல் எல்லையறியாது நடமாடுகிறது.

இதனை ஆராதனைக்குரிய சொல்லாக உயர்த்தியவர், மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-இல் மறைந்த, ‘பரட்டை’ என அன்புடன் அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு. வீட்டுக்கொரு அடுப்பு ஜாதியைக் காக்கிறது. எல்லார் அரிசியும் ஓருலையில் வெந்தபின் எது எவருடையதென்று பிரிப்பவர் யார்? ஆகவே சமத்துவ சமுதாயத்துக்கு அவர் கண்ட திருஷ்டாந்தம் ‘ஒரு உலை’. கர்த்தர் கற்பித்த ஜெபமும் ஆகாரத்தை ‘எனக்கு’ என்று கேளாமல் ‘எங்களுக்கு’ என்றே கேட்கிறது. அந்தப் பன்மையின் கனத்தை நாம் போதிய அளவு உணர்ந்தோமில்லை.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த நிரந்தரத் தொழிலாளியும் காண்ட்ராக்ட் கூலியாளும், வாடகை அறையொன்றில் ஆளுக்கோர் ஆழாக்கு அரிசி இட்டு, மூடி தடதடக்கும் பானையின்முன் தலைகுனிந்து நிற்பார்களாயின், அதனையும் திருவிருந்து என்றே நான் சொல்வேன்.