பறவைப் படம் மங்குவது ஏன்? புதிய லென்ஸ் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் ஓரம், மின்கம்பியில் ஒரு மீன்கொத்தி. கேமராவின் சிறிய திரையில் படம் அழகாகவே தெரிகிறது. வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணும் இறகும் மங்கலாக இருக்கின்றன. உடனே பலர் லென்ஸைக் குறை சொல்லி, பல ஆயிரம் ரிங்கிட் விலையில் வேறொன்றைத் தேடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் குறை லென்ஸில் இருப்பதில்லை. மங்கிய படத்தையே உற்றுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

கை நடுக்கம்

பறவை, கிளை, இலை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டதுபோல் இருந்தால், அசைந்தது கேமராதான். 400 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் வேகம் குறைந்தது 1/400 விநாடி இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. சென்சார் சிறியதாக உள்ள கேமராவில் 1/600க்கு மேல் வைப்பது நல்லது. காரில் இருந்தபடி எடுப்பவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு, பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பையைக் கண்ணாடி விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைத் தாங்கலாம்.

பறவையின் அசைவு

கிளை தெளிவாக இருந்து பறவை மட்டும் மங்கினால், அசைந்தது பறவை. லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு வசதி இதற்கு உதவாது. உட்கார்ந்திருக்கும் சிறு பறவைக்கு 1/500 முதல் 1/1000 வரையிலும், பறக்கும் பறவைக்கு 1/2000 அளவிலும் வேகம் தேவை.

நம் மழைக்காட்டு நிழலில் அந்த வேகத்திற்கு வெளிச்சம் போதாது. அப்போது ஐ.எஸ்.ஓ. அளவை 1600, 3200 என உயர்த்தத் தயங்க வேண்டாம். படத்தில் தோன்றும் புள்ளிகளை மென்பொருளால் பிறகு குறைக்கலாம். அசைவால் வந்த மங்கலைச் சரிசெய்வது மிகக் கடினம்.

ஃபோகஸ் தவறுதல்

முன்னால் உள்ள இலையோ பின்னால் உள்ள கிளையோ தெளிவாக இருந்தால், ஃபோகஸ் இடம் மாறிவிட்டது. முழுச்சட்டக் கேமராவில் 400 மி.மீ. லென்ஸை எஃப் 5.6 அளவில் வைத்து 5 மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். அதனால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸைப் பறவையின் கண்ணில் வைக்க வேண்டும். கண் தெளிவாக இருந்தால் வால் சற்று மங்கினாலும் படம் நிற்கும்.

வெப்பமும் ஈரமும்

நண்பகலில் தார்ச்சாலை, திடல், தகரக் கூரை ஆகியவற்றுக்கு மேல் காற்று அலைபாயும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் அதன் ஊடே தெளிவு கிடைக்காது. காலை 7 மணி முதல் 10 மணி வரை நல்ல நேரம். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் நீர்த்துளி படியும். அரை மணி நேரம் பையிலேயே வைத்திருந்து பிறகு எடுக்கலாம்.

நெருங்குவதற்கும் எல்லை உண்டு

தூரம் குறைந்தால் தெளிவு கூடும் என்பது உண்மை. ஆனால் இருவாச்சிக் கூட்டை நெருங்கக் கூடாது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு இடுக்கு வழியே ஆண் பறவை கொண்டுவருவதே அதற்கும் குஞ்சுக்கும் உணவு. கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் ஆண் பறவை கூட்டுக்கு வரத் தயங்கும். உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். தீபகற்பத்தில் இருவாச்சிகள் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவை பழுத்த ஆலமரத்திற்குத் தாமே வரும். அங்கே அமைதியாகக் காத்திருப்பது நல்லது.

பிரேசர் மலைக்கோ தாமான் நெகாராவுக்கோ போகும் முன், வீட்டு வாசலில் இரை தேடும் மைனாவை ஒரு வாரம் எடுத்துப் பழகலாம். மங்கிய படங்களை உடனே அழிக்காமல், எந்தக் காரணத்தால் மங்கின என்று பிரித்துப் பார்த்தால், புது லென்ஸ் தேவையா என்பது தெரிந்துவிடும்.