வெயிலில் போன மணித்தியாலங்கள்

சித்திரை வருடப்பிறப்பென்றால் எங்கட ஊரில் மருத்துநீர், புதுச்சட்டை, அதற்குப் பிறகு கைவிசேடம். 1980ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தக் கைவிசேடக் காசு அபுதாபியிலும் குவைத்திலும் உழைத்து அனுப்பிய காசு. இந்த மலரை வாசிக்கும் பலரை ஐரோப்பாவுக்கு ஏற்றிவிட ஏஜென்சிக்குக் கட்டியதும் ஒரு தகப்பனோ தமையனோ வளைகுடாவில் உழைத்ததுதான். அந்தக் காசின் கதையை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அந்த மணித்தியாலங்களின் கதையைச் சொன்னோமா?

1973இல் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. பாலைவனத்தில் துறைமுகங்களும் தெருக்களும் மாடிவீடுகளும் எழும்பத் தொடங்கின. கட்ட ஆள் வேண்டும். கேரளத்திலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆட்கள் போனார்கள். எங்கட பெடியளும் போனார்கள். 1982இல் நானும் ஒருவனாகப் போனேன்.

அங்கே சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 1980ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் தொழிற்சட்டம் இருந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 48. கடைகளிலும் ஹோட்டல்களிலும் 9 வரை போகலாம். றம்ழான் மாதத்தில் 2 மணித்தியாலம் குறைவு. தொடர்ந்து 5 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. சாப்பாடு, தொழுகை, ஓய்வுக்கென்று எல்லாமாக 1 மணித்தியாலமாவது விடவேண்டும். மேலதிக வேலைக்கு மணித்தியாலக் கூலியோடு 25 வீதம் கூட்டிக் கொடுக்கவேண்டும், இரவு 9 மணியிலிருந்து விடிய 4 மணி வரை என்றால் 50 வீதம். மேலதிக வேலை நாளுக்கு 2 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

வாசிக்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. ஓய்வு நேரம் வேலை நேரமாகக் கணக்கில் சேராது. இருப்பிடத்திலிருந்து வேலைக்குப் போய்வரும் நேரமும் சேராது. இப்போது கூட்டிப் பாருங்கள். வேலை 8, ஓய்வு 1, ஓவர்ரைம் 2, காம்பிலிருந்து சைற்றுக்கு லொறியில் போக 1, வர 1. ஆக 13 மணித்தியாலம். சட்டத்தை ஒரு எழுத்துக்கூட மீறாமல்! அதற்குப் பிறகுதான் உடுப்புத் தோய்ப்பதும் சமைப்பதும் படுப்பதும்.

இது போதாதென்று, பெரிய நட்டத்தையோ விபத்தையோ தடுக்க வேண்டுமென்றால் 2 மணித்தியால எல்லையைத் தாண்டலாம் என்றும் ஒரு விலக்கு இருந்தது. கொங்கிறீற் கொட்டத் தொடங்கினால் பாதியில் விட ஏலாது, நட்டம் என்பார் போர்மன். ஒவ்வொரு கிழமையும் கொங்கிறீற் இருந்தது.

எங்கட காம்பில் இராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் இருந்தார். வேலைக்கு ஏறிய நேரம், இறங்கிய நேரம் இரண்டையும் ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். ஒரு மாதம் சம்பளத்தில் 31 மணித்தியால ஓவர்ரைம் குறைந்திருந்தது. கொப்பியைக் கொண்டுபோய் ரைம் கீப்பரிடம் காட்டினார். "உன்ர கொப்பியோ கொம்பனியின்ர கொப்பியோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அண்ணன் திரும்பி வந்து, "தம்பி, பாஸ்போர்ட் அவங்கிட்ட இருக்கு, கொப்பி மட்டுந்தான் நம்மகிட்ட இருக்கு" என்றார். எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை.

அவர் சொன்னதுதான் விஷயத்தின் வேர். விசா முதலாளியின் பெயரில். அதுதான் கபாலா முறை. அவர் விட்டால்தான் வேறு இடம் மாறலாம், அவர் வேண்டாமென்றால் நாடு திரும்பவேண்டும். ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கும். 1983 ஆடிக்குப் பிறகு எங்களுக்குத் திரும்பிப் போக ஊரும் இல்லாமற் போனது. ஒப்பந்தம் முடிந்ததும் சிலர் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குப் போனார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அடிப்படைச் சம்பளம் குறைவென்றபடியால் ஓவர்ரைம் தாருங்கள் என்று நாங்களே கேட்டுப் போனோம். மறுக்க முடியாதவனுக்கு அது கட்டாயமா, விருப்பமா?

சேர்ந்து கேட்கவும் வழியில்லை. சவூதியில் அரம்கோ எண்ணெய்த் தொழிலாளர் 1953இல் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். 1956இல் வேலைநிறுத்தமே அரச ஆணையால் தடைசெய்யப்பட்டது. எமிரேட்ஸ் சட்டத்தில் தொழிற்சங்கத்துக்கு அன்றும் இடமில்லை, இன்றும் இல்லை. தமிழர் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வ.உ.சிதம்பரம்பிள்ளையையும் சுப்பிரமணிய சிவாவையும் முன்னிட்டு வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வோடு வேலை நேரக் குறைப்பையும் ஞாயிறு விடுமுறையையும் பெற்றார்கள். அவர்களால் ஒன்றுகூடி நிற்க முடிந்தது.

மத்தியான வெயிலுக்கு ஓய்வு வர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு எமிரேட்ஸில் ஆடி, ஆவணி வெயிலில் பகல் 12.30 முதல் 4.30 வரை வெளிவேலை நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே அதை 3 மணி வரை என்று குறைத்தார்கள். இன்று யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை அந்த இரண்டரை மணித்தியாலம் நடைமுறையில் உள்ளது. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திராம் வீதம் தண்டம். கட்டார் 2021இல் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை என்று நீட்டியது. 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த எமிரேட்ஸின் புதிய தொழிற்சட்டம், ஓவர்ரைமோடு சேர்த்து 3 கிழமைக்கு 144 மணித்தியாலம் என்று எல்லை வைத்தது. தொழிலாளியின் பாஸ்போட்டை முதலாளி வைத்திருப்பதையும் தடுத்தது. இராமநாதபுரத்து அண்ணன் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ!

கடைசியாக, எங்கட பெண்கள். 1990களில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், அதிலும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். 1980ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தொழிலாளர் என்றே எண்ணவில்லை. வீட்டுவேலைக்காரரும் தோட்டவேலைக்காரரும் அதற்கு வெளியே. 37 வருடம் கழித்து, 2017இல்தான் நாளுக்கு 12 மணித்தியால ஓய்வு, அதில் 8 மணித்தியாலம் தொடர்ச்சியாக, கிழமைக்கு ஒருநாள் விடுமுறை என்று எமிரேட்ஸில் தனிச்சட்டம் வந்தது. 12 மணித்தியால ஓய்வென்றால் மற்ற 12 வேலைக்கு என்பதையும் கவனியுங்கள்.

இதையெல்லாம் இங்கே, குளிர் நாட்டில், ஏன் எழுதுகிறேன்? றெஸ்ரோறன்ற் குசினியிலும் துப்பரவு வேலையிலும் நிற்கும் எம்மவர் இன்றும் இடைவேளை கேட்கத் தயங்குகிறார்கள். வதிவிட அனுமதி உறுதியாகாதவருக்கு அந்தப் பயம் இன்னும் கூட. ஆனால் இங்கே சங்கம் உண்டு, போய்ச் சொல்ல ஆள் உண்டு. உங்கள் மணித்தியாலங்களை நீங்களே எழுதி வையுங்கள். வளைகுடாவில் நின்ற அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்தால், இந்த வருடப்பிறப்புக்குக் கைவிசேடம் வாங்கும்போது அந்த நாளைப் பற்றியும் ஒருமுறை கேளுங்கள்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.