கடிதங்களில் புதுமைப்பித்தன்

பொருள் தேடிப் பிரிதல் தமிழர் வாழ்வில் நேற்று இன்று தோன்றியதன்று. தலைவன் பொருள்வயிற் பிரிவதையும், தலைவி அவன் வரவு நோக்கி ஆற்றியிருப்பதையும் சங்கச் சான்றோர் பாலை, முல்லைத் திணைகளில் விரிவாகப் பாடி வைத்தனர். அப்பிரிவை ஏட்டில் மட்டுமன்றித் தம் குடும்பங்களிலேயே கண்டவர்கள் நந்திதுர்க் தமிழர்கள். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தங்கவயலுக்கு வந்த நம் முன்னோருக்கும் ஊரிலிருந்த உற்றாருக்கும் இடையே பாலமாய் நின்றது அஞ்சலே. ஆகவே, மனைவியைப் பிரிந்து வாழ நேர்ந்த ஓர் எழுத்தாளரின் கடிதங்களைப் படிக்கும்போது, நம் வீட்டுக் கதையைப் படிப்பது போன்ற உணர்வு நமக்குத் தோன்றுவது இயல்பே.

அவ்வெழுத்தாளர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர் 1906ஆம் ஆண்டில் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். எழுத்தையே தொழிலாகக் கொண்டு சென்னைக்கு வந்து, 'மணிக்கொடி'யில் கதைகள் எழுதினார். 'தினமணி'யில் உதவியாசிரியராகப் பணியாற்றினார். அவரது 'சிற்றன்னை'யைத் தழுவி 1979இல் வெளிவந்த 'உதிரிப்பூக்கள்' திரைப்படத்தை நம்மில் பலர் அறிவர். பத்திரிகைத் தொழில் அவருக்குப் புகழைத் தந்த அளவுக்குப் பொருளைத் தரவில்லை. அதனால் அவர் சென்னையிலும், துணைவியார் கமலா அம்மையார் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டிலுமாகப் பிரிந்து வாழ்ந்த காலங்கள் பல. அக்காலங்களில் அவர் எழுதிய கடிதங்களை இளையபாரதி தொகுக்க, 1994இல் 'கண்மணி கமலாவுக்கு' என்னும் நூலாக அவை வெளிவந்தன.

கதைகளில் உலகையே எள்ளி நகையாடிய அந்தப் பேனா, இக்கடிதங்களில் பணம் அனுப்ப இயலாமைக்கு வருந்துகிறது. மனைவியின் உடல்நலம் குறித்துக் கவலைப்படுகிறது. 'செல்லம்மாள்' கதையில் பட்டணத்து ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவர் நோயுற்ற மனைவிக்கு ஆற்றும் பணிவிடையைப் படித்துக் கண் கலங்கியவர்கள், அக்கதையின் வேர் எந்த மண்ணில் ஊன்றியிருந்தது என்பதை இக்கடிதங்களால் உணர்வர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைக்கச் சென்றவர்களின் துயரைத் 'துன்பக்கேணி'யாக வடித்தவரும் இவரே என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும்.

இறுதியில், தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்திற்கு எழுதுவதற்காகப் புனே சென்றார். அங்கே காசநோய் முற்றியது. திருவனந்தபுரம் திரும்பி, 1948இல் தமது நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். பொருள்வயிற் பிரிந்தவர் நோயைச் சுமந்து வீடு திரும்பிய கதை சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் புதியதன்று.

கணவன் மனைவிக்கு எழுதியதைப் பிறர் படிக்கலாமா என்னும் வினா எழலாம். அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே, தம் கடிதங்களை வெளியிடலாகாது என்று 1958இல் எழுதியே வைத்தார். ஆயினும் அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1981இல், மனைவி மேரியின் இசைவுடன் அவற்றில் ஒரு தொகுதி வெளிவந்தது. எழுதியவரின் விருப்பத்தை மீறலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஒன்று உறுதி: கடிதத்தை எழுதுபவர் ஒருவர், அதனை வரலாறாக்குபவர் அதைப் பெற்றுப் பேணி வைத்தவர். பெற்ற இல்லத்தில் அவை அடுப்பெரித்திருந்தால், புதுமைப்பித்தன் என்னும் மனிதரின் ஒரு பாதியை நாம் இழந்திருப்போம்.

இதனை எழுதும்போது எங்கள் வீட்டுக் கடிதக் கம்பி என் கண்முன் நிற்கிறது. என் பாட்டனார் நந்திதுர்க் சுரங்கத்தில் பணியாற்றிய காலத்தில் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் அனைத்தும், சுவரில் மாட்டிய அக்கம்பியில் கோத்து வைக்கப்பட்டிருந்தன. மழை பொய்த்தது, மாடு விற்றது, மணியார்டர் வந்து சேர்ந்தது, தங்கைக்கு வரன் அமைந்தது என எல்லாம் அதில் இருந்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பின், வீடு மாறும் அவசரத்தில் கடிதங்களை வெந்நீர் அடுப்பில் இட்டோம். கம்பி பழைய இரும்போடு போயிற்று. எரித்தவர்களுள் நானும் ஒருவன். ஒன்றையேனும் பிரித்துப் படிக்கவில்லையே என்னும் வருத்தம் இன்றும் தீரவில்லை.

சுரங்கத்தின் ஆழத்தையும் எடுத்த பொன்னின் எடையையும் கணக்கேடுகள் சொல்லும். அதை எடுத்தவர் தம் வீட்டாருக்கு என்ன எழுதினார் என்பதை அவை சொல்லமாட்டா. தங்கவயலிலிருந்து பெங்களூருக்கும் அப்பாலும் சென்று குடியேறியுள்ள அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரண்மேல் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கக்கூடும். அதைத் திறந்து பாருங்கள். எழுத்துப்பிழை நிறைந்த ஓர் அஞ்சலட்டை கிடைத்தாலும் பெரியவர்களிடம் படித்துக் காட்டி, எழுதியவர் யார், ஆண்டு எது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். எஞ்சியிருப்பதைக் காப்பது நம் கடமையாகும்.