துணை உணவூட்டல்

துணை உணவூட்டல் அல்லது இணை உணவூட்டல் என்பது, தாய்ப்பால் மட்டுமே குழந்தையின் ஊட்டத் தேவைகளுக்குப் போதாத வயதில், தாய்ப்பாலுடன் சேர்த்துப் பிற உணவுகளையும் அளிப்பதாகும். பொதுவாக இது 6 மாத வயதில் தொடங்கி 2 வயது வரையிலான காலத்தைக் குறிக்கும். இவ்வுணவு தாய்ப்பாலுக்கு மாற்றன்று. அதற்குத் துணையாக அமைவது என்பதாலேயே இப்பெயர் பெற்றது. இக்காலத்தில் உணவின் அளவோ தரமோ குறைந்தால் வளர்ச்சி குன்றல், இரத்தசோகை போன்ற பாதிப்புகள் ஏற்படக்கூடும். இவ்வயதில் ஏற்படும் உயரக் குறைவைப் பின்னர் ஈடு செய்வது கடினம்.

தொடங்கும் வயது

4 முதல் 6 மாதங்கள் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதே முன்னர் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையாக இருந்தது. 2001 ஆம் ஆண்டில் இது முழுமையாக 6 மாதங்கள் என மாற்றப்பட்டது. 6 மாதம் நிறைந்தபின் துணை உணவைத் தொடங்கி, 2 வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பாலைத் தொடரலாம். கருவில் இருந்தபோது குழந்தை சேமித்த இரும்புச்சத்து ஏறத்தாழ இவ்வயதில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்தின் அளவு மிகக் குறைவாதலால் அதனை உணவிலிருந்தே பெற வேண்டியுள்ளது.

தலையை நிலையாக நிறுத்துதல், சிறிது தாங்கலுடன் உட்காருதல், வாயில் வைத்த உணவை நாவால் வெளியே தள்ளாமல் விழுங்குதல் ஆகியன குழந்தை உணவுக்கு ஆயத்தமாகிவிட்டதைக் காட்டும் அறிகுறிகளாகும்.

வயதுக்கேற்ற அளவு

சராசரி அளவில் தாய்ப்பால் பெறும் குழந்தைக்குத் துணை உணவிலிருந்து நாளொன்றுக்குத் தேவைப்படும் ஆற்றல், 6 முதல் 8 மாதங்களில் ஏறத்தாழ 200 கிலோகலோரி, 9 முதல் 11 மாதங்களில் 300 கிலோகலோரி, 12 முதல் 23 மாதங்களில் 550 கிலோகலோரி ஆகும். இதற்கேற்ப, 250 மில்லிலீட்டர் கொள்ளும் கிண்ணத்தை அளவாகக் கொண்டு பின்வருமாறு பரிந்துரைக்கப்படுகிறது:

- 6 முதல் 8 மாதம்: ஒரு வேளைக்கு 2 அல்லது 3 மேசைக்கரண்டி அளவில் தொடங்கிப் படிப்படியாக அரைக் கிண்ணம் வரை, நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளை, கெட்டியான கூழ் அல்லது நன்கு மசித்த உணவு.
- 9 முதல் 11 மாதம்: வேளைக்கு அரைக் கிண்ணம், 3 அல்லது 4 வேளை, பொடியாக நறுக்கிய அல்லது சற்றே மசித்த உணவு, கையில் பிடித்து உண்ணக்கூடிய மென்மையான உணவு.
- 12 முதல் 23 மாதம்: வேளைக்கு முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை, 3 அல்லது 4 வேளை, குடும்பத்தினர் உண்ணும் உணவு.

9 மாதத்திற்குப் பின் பசிக்கேற்ப நாளொன்றுக்கு 1 அல்லது 2 முறை சிற்றுணவும் அளிக்கலாம். தாய்ப்பால் பெறாத குழந்தைக்கு இவற்றுடன் 1 அல்லது 2 வேளை உணவும், 1 அல்லது 2 கிண்ணம் பாலும் கூடுதலாகத் தேவைப்படும். இவ்வளவுகள் வழிகாட்டிகளே, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றுபோல் பொருந்தும் விதிகள் அல்ல.

உணவின் அடர்த்தி

குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 30 மில்லிலீட்டர் கொள்ளும். எனவே 8 கிலோகிராம் எடையுள்ள குழந்தை ஒரு வேளையில் சுமார் 240 மில்லிலீட்டருக்கு மேல் உண்ண இயலாது. ஒரு கிராமுக்கு 0.4 கிலோகலோரி மட்டுமே கொண்ட நீர்த்த கஞ்சியிலிருந்து 200 கிலோகலோரி பெற 500 கிராம் கஞ்சி வேண்டும். ஒரு கிராமுக்கு 1 கிலோகலோரி கொண்ட கெட்டியான உணவாயின் 200 கிராம் போதும். நீர்த்த உணவு வயிற்றை நிரப்பித் தாய்ப்பால் குடிக்கும் அளவையும் குறைத்துவிடும். வயிறு நிறைய உண்டும் எடை கூடாதிருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்து விடாத பதமே ஏற்றது. பருப்புடன் மசித்த சோற்றில் சிறிது நெய் அல்லது எண்ணெய் சேர்ப்பது அளவைக் கூட்டாமல் ஆற்றலைக் கூட்டும்.

உணவு வகைகள்

அளவு போதுமானதாக இருப்பினும் ஒரே வகை உணவு எல்லாச் சத்துக்களையும் தராது. தாய்ப்பால்; தானியங்களும் கிழங்குகளும்; பருப்பு, கொட்டை வகைகள்; பால் பொருட்கள்; இறைச்சியும் மீனும்; முட்டை; உயிர்ச்சத்து ஏ மிகுந்த காய்கனிகள்; பிற காய்கனிகள் என உணவு 8 தொகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. இவற்றுள் குறைந்தது 5 தொகுதிகள் ஒரு நாளில் இடம்பெற வேண்டும். இந்தியாவின் 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 6 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் 11.3 விழுக்காட்டினரே போதிய உணவைப் பெற்றனர்.

ஒவ்வாமை ஏற்படும் என்னும் அச்சத்தால் முட்டை, நிலக்கடலை போன்றவற்றைத் தள்ளிப்போடும் வழக்கம் முன்பு இருந்தது. ஒவ்வாமைக்கான வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளைக் கொண்டு ஐக்கிய இராச்சியத்தில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வு, நிலக்கடலையை முன்கூட்டியே அளிப்பது அதற்கான ஒவ்வாமையைப் பெரிதும் குறைப்பதைக் காட்டியது. இதன்பின் பல நாடுகளில் பரிந்துரைகள் மாற்றப்பட்டன.

பசியும் நிறைவும்

எவ்வளவு உணவளிப்பது என்பதைக் குழந்தையின் குறிப்புகளும் உணர்த்தும். கரண்டியை நோக்கி வாய் திறத்தல், முன்னோக்கிச் சாய்தல் ஆகியன பசியின் அறிகுறிகள். முகத்தைத் திருப்புதல், வாயை இறுக மூடுதல், உணவைத் தள்ளுதல் ஆகியன நிறைவின் அறிகுறிகள். இவற்றை மதித்துப் பொறுமையுடன் ஊட்டுவதே பரிந்துரைக்கப்படும் முறையாகும். வற்புறுத்தி ஊட்டுவது உணவின்மீது வெறுப்பை உண்டாக்கலாம்.

அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிசு 1920களில், பால் மறந்த குழந்தைகள் முன் பல்வேறு உணவுகளை வைத்து, அவர்களே தெரிவு செய்து உண்ணும்படி விட்டு ஆய்வு செய்தார். ஒவ்வொரு குழந்தையும் உண்ட வகையும் அளவும் பெரிதும் வேறுபட்டன; எனினும் அனைவரும் நன்கு வளர்ந்தனர். சர்க்கரையோ உப்போ சேர்க்காத இயற்கை உணவுகளே வைக்கப்பட்டதும் இதற்குக் காரணம் என அவர் சுட்டிக்காட்டினார். எதனை, எப்போது அளிப்பது என்பது பெரியோர் பொறுப்பு, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு என்னும் கருத்து இம்முடிவுடன் ஒத்துப்போகிறது.

குழந்தை முதலாண்டில் பிறப்பெடையைப் போல் ஏறத்தாழ 3 மடங்காக வளர்கிறது; இரண்டாம் ஆண்டில் வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறைந்து காணப்படலாம். உண்ணும் அளவு போதுமா என்பதை ஒரு நாள் உணவைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. வளர்ச்சி அட்டையில் எடையையும் உயரத்தையும் தொடர்ந்து குறித்து வருவதே நம்பத்தக்க வழியாகும். எடை கூடாமல் நிற்பினும் குறையினும் மருத்துவரை அணுக வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

- தேன்: 1 வயதுக்குள் அளித்தலாகாது. இதிலுள்ள நுண்ணுயிர் வித்துக்கள் குழந்தைகளில் பொட்டுலினம் நச்சுமையை ஏற்படுத்தக்கூடும்.
- முழுக் கடலை, முழுத் திராட்சை போன்றவை: மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளலாம். நிலக்கடலையை அரைத்து, உணவுடன் கலந்தே அளிக்க வேண்டும்.
- சர்க்கரை, உப்பு, இனிப்பூட்டிய பானங்கள், தேநீர்.

நோயுற்ற காலத்தில் உணவை நிறுத்துதல் தவறாகும். வயிற்றுப்போக்கின்போது நீர்மங்களையும் தாய்ப்பாலையும் கூடுதலாக அளித்து, நலமடைந்தபின் 2 வாரங்களுக்கு நாள்தோறும் ஒரு வேளை உணவு கூடுதலாக அளிக்கப்பட வேண்டும்.

பண்பாடும் அரசுத் திட்டங்களும்

முதல் சோறூட்டல் இந்தியாவின் பல பகுதிகளில் சடங்காக நிகழ்த்தப்படுகிறது. வடமொழியில் இது அன்னப்பிராசனம் எனவும் கேரளத்தில் சோறூணு எனவும் அழைக்கப்படுகிறது. குருவாயூர்க் கோயில் இதற்குப் பெயர் பெற்றது.

இந்தியாவில் 1975 இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் வழியாகத் துணை உணவு வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இது சத்துமாவு வடிவில் அளிக்கப்படுகிறது. இலங்கையில் சோளம், சோயா ஆகியவற்றைக் கொண்ட திரிபோசா திட்டம் 1973 இல் தொடங்கப்பட்டது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவுகளை விளம்பரப்படுத்துவதை இந்தியாவின் 1992 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்கின்றன.