நுகத்தடியும் கொக்கியும்

கடாரம் என்றதும் தமிழறிந்தோர் நினைவில் எழுவது கடலும் கலமுமே. 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் படை கடல் கடந்து வந்த செய்தியும், பூஜாங் பள்ளத்தாக்கில் வெளிப்பட்ட கோயில் அடித்தளங்களும் மேடைதோறும் பேசப்படுகின்றன. ஆயினும், அதே மண்ணில் இருபதாம் நூற்றாண்டில் ரப்பர்த் தோட்டங்களை எழுப்பிய தமிழர் கப்பலில் ஒரு சில நாட்களே வாழ்ந்தனர். வண்டியோடும் வண்டிப் பாதையோடும் வாழ்நாள் முழுதும் வாழ்ந்தனர். கலத்துக்கு வரலாறு எழுதிய நம்மவர் வண்டிக்கு எழுதவில்லை. சாணமும் சேறும் படிந்த பொருள் ஏட்டில் ஏறுவதற்குத் தகுதியற்றது என்று கருதினர் போலும்.

வீடும் வண்டியும் ஒன்றாய் இருந்த காலத்தை அறியப் பெரும்பாணாற்றுப்படை துணை செய்கிறது. உப்பு விற்கும் உமணரின் வண்டியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓவியம்போல் தீட்டியுள்ளார். வண்டியின் வாயிலில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த மிடா கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையுடைய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். சமையலும் தூக்கமும் குழந்தை வளர்ப்பும் அவ்வண்டியிலேயே நிகழ்ந்தன. உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றையும் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக எடுத்தாள்கிறார். இடைவழியில் அச்சு முறிந்தால் வண்டி மட்டுமன்றி வீடும் நடுக்காட்டில் நின்றுவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இரண்டு சக்கர வண்டியில் பாரம் ஏற்றுவது ஒரு கலை. அச்சுக்கு முன்னால் எடை மிகுந்தால் அதனை 'முன்பாரம்' என்பர். நுகத்தடி எருதின் கழுத்தை அழுத்தித் தோலைப் புண்ணாக்கும். பின்னால் மிகுந்தால் 'பின்பாரம்'. ஏர்க்கால் மேலெழும்ப, பூட்டாங்கயிறு எருதின் தொண்டையை இறுக்கும். இவ்விரண்டுக்கும் இடையில், கழுத்தில் சிறிதளவே எடை தங்குமாறு மூட்டைகளை அடுக்குபவனே நல்ல வண்டிக்காரன். மெல்லிய மயிற்பீலியாலும் அச்சு முறியும் என்று எச்சரித்த வள்ளுவர் எடையின் அளவைப் பற்றிப் பேசினார். அந்த எடை எங்கே தங்குகிறது என்பது வேறொரு வினா. இழுக்கப்படும் வண்டிகள் அனைத்துக்கும் அடிப்படை வினா அதுவே.

நான்கு சக்கர வண்டிக்குக் கழுத்துப் பாரம் இல்லை. ஆனால் திரும்புவது கடினம். நம் கோயில் தேர் இதற்குச் சான்று. அதன் அச்சுகள் திரும்பா. சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இட்டு, நெருடி நெருடியே வீதி முனையில் திருப்ப வேண்டும். மேலைநாட்டுக் குதிரை வண்டிகளில் இதற்கு ஒரு வழி கண்டனர். முன்னச்சின்மேல் ஒரு வட்டத் தட்டைப் படுக்கையாகப் பொருத்தினர். அத்தட்டின்மேல் வண்டியின் உடல் தங்க, கீழே முன்னச்சு இடமும் வலமும் திரும்பியது. நான்கு சக்கரங்களுக்கு மேலாக அமைந்த அப்படுக்கை வட்டமே 'ஐந்தாம் சக்கரம்' எனப் பெயர் பெற்றது. 'ஐந்தாம் சக்கரம்' என்றால் வேண்டாத மிகை என்று எண்ணுவாரும் உளர். வண்டித் தொழிலில் அது வேண்டாத பொருள் அன்று.

மோட்டார் வண்டிகள் தோன்றியபின் அதே பெயர் மற்றோர் உறுப்புக்கு வந்தது. 1914-இல் டெட்ராயிட் நகரின் கொல்லர் ஆகஸ்டு ஃபுரூஹாஃப், மர வணிகர் ஒருவரின் படகை ஏற்றிச் செல்ல, ஃபோர்டு மோட்டார் வண்டியின் பின்னே பூட்டும் வண்டி ஒன்றைச் செய்தார். அதன் பின்பகுதிக்கே சக்கரம். முன்பகுதியின் எடையை இழுக்கும் வண்டியே தாங்கியது. இன்றைய நீண்ட சரக்கு லாரிகளின் தொடக்கம் அதுவே. இழுக்கும் வண்டியின் முதுகில் உள்ள தட்டுக்கு ஐந்தாம் சக்கரம் என்ற பழம்பெயரே நிலைத்தது.

வாழும் வண்டியும் அந்நாடுகளில் புதுவடிவம் பெற்றது. 1885-இல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர், 'நாடோடி' என்ற பொருள்தரும் பெயரிட்டு, குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்து உலாவினார். வயிற்றுப் பிழைப்புக்காக உமணர் செய்ததை அவர் பொழுதுபோக்குக்காகச் செய்தார். 1928 முதல் விமானப் பொறியாளர் கிளென் கர்ட்டிஸ் வெளியிட்ட வீட்டு வண்டி, காரின் பின்பகுதியில் கிடத்திய விமானச் சக்கரம் ஒன்றின்மேல் தன் முன்பாரத்தை இறக்கியது. இன்று அமெரிக்காவில் இத்தகைய வீடு வாங்குவோர்முன் இரண்டு வகைகள் நிற்கின்றன. ஒன்று, வண்டியின் வால்புறத்துக் கொக்கியில் மாட்டி இழுக்கப்படுவது. தன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கைக் கொக்கியில் வைப்பது. மற்றொன்று, சிறு சரக்கு வண்டியின் தொட்டியில், பின்னச்சுக்கு நேர்மேலே அமர்வது. பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு வரை இழுப்பதன் முதுகில் ஏற்றுவது. முன்னது எந்த வலிய காருக்கும் பொருந்தும், விலை குறைவு, ஆனால் பின்பாரம் மிகுந்தால் பாம்பைப்போல் இருபுறமும் நெளியும். பின்னது நெடுஞ்சாலையில் அசையாது வரும். ஆனால் அதற்கென்றே தனிச் சரக்கு வண்டி வேண்டும், அதன் தொட்டியும் வேறு எதற்கும் பயன்படாது. நம் வண்டிக்காரன் இருவரின் வாதத்தையும் கேட்டிருப்பானாயின், முன்பாரமா பின்பாரமா என்ற ஒரே கேள்வியில் வழக்கைத் தீர்த்திருப்பான்.

கெடாவின் தோட்டங்களிலும் இவ்வினா எழுந்தது. அங்கு அது உல்லாசத்துக்காக எழவில்லை.

1909-இல் சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் கெடா வந்தபோது, உள்நாட்டுப் போக்குவரத்துக்குப் பெரும்பாலும் ஆறுகளே வழி. ரப்பர் விலை உச்சிக்கு ஏறியிருந்த 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், குவாலா கெட்டில் வட்டாரங்களில் காடுகள் அழிந்து பால்மரங்கள் எழுந்தன. அமெரிக்க ரப்பர் நிறுவனமும் இங்கே தோட்டம் நடத்தியது. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரே அதனைச் சொல்லும். 1915-இல் இரயில் பாதை அலோர்ஸ்டாரை எட்டியது. 1918-இல் பாடாங் பெசாரை அடைந்து சயாம் பாதையோடு இணைந்தது. ஆனால் இரயில் நிலையம் வரை சரக்கைக் கொண்டு சேர்ப்பது யார்?

முதற்சுமை மனிதத் தோளில் ஏறியது. பால்வெட்டுத் தொழிலாளி காண்டாக் கம்பின் இருமுனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, மரம் மரமாய்ச் சேர்த்த பாலைக் கொட்டகைக்குச் சுமந்தார். காண்டாக் கம்பு மனிதனுக்கு இட்ட நுகத்தடி என்றால் மிகையாகாது. முன்வாளியும் பின்வாளியும் ஒத்த எடையில் இல்லையெனில் சரிவில் கால் வழுக்கும். இத்தனைக்கும் அப்பாலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெறும் நீர். மேட்டிலும் பள்ளத்திலும் தோல் உரியச் சுமந்ததில் பெரும்பகுதி, ஆலையில் உருளைக்கிடையே பிழியப்பட்டு வாய்க்காலில் ஓடும் தண்ணீரே.

கொட்டகையிலிருந்து ஆலைக்கு மாட்டு வண்டி சென்றது. வெயில் ஏறுமுன் பால் ஆலையைச் சேர வேண்டும், தாமதித்தால் உறைந்துவிடும். ஊரில் நெல் மூட்டை ஏற்றிப் பழகியவருக்கு இங்கே புதியதோர் இடர் காத்திருந்தது. மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். பால் அப்படி இராது. பாதி நிறைந்த தொட்டி இறக்கத்தில் முன்னோக்கிச் சரிந்து எருதின் கழுத்தை நெரிக்கும். ஏற்றத்தில் பின்னோக்கிச் சரிந்து நுகத்தைத் தூக்கும். ஒரே பயணத்தில் முன்பாரமும் பின்பாரமும் மாறி மாறி வந்தன. 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் குனோங் ஜெராய் மலையின் அடிவாரத் தோட்டங்களில், செம்மண் பாதை மழையில் குழைந்தபோது, அந்த மாற்றத்தைக் கையால் உணர்ந்து வண்டியை நடத்தியவரின் திறமைக்குத் தோட்டக் கணக்கேட்டில் பத்தி கிடையாது.

லாரிகள் வந்தபின் மாடுகள் குறைந்தன. ஜப்பானியர் ஆட்சியில், 1941 டிசம்பருக்குப் பின், பெட்ரோல் அரிதாகவே வண்டிமாடு மீண்டும் மதிப்புப் பெற்றது. போருக்குப் பின் வந்ததுதான் டிராக்டர். ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த சிறிய டிராக்டர் 1946-இல் இங்கிலாந்தில் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கி, பிரிட்டிஷ் ஆட்சி நிலவிய நாடுகளெங்கும் பரவியது. அதன் பின்னே பூட்டுவதற்கு இரண்டு சக்கர டிரெய்லரா, நான்கு சக்கர டிரெய்லரா என்ற தேர்வு, அமெரிக்க வீட்டு வண்டிக்காரரின் தேர்வுக்கு நேர்நிகரானது.

நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கும். கொக்கி இழுப்பதற்கு மட்டுமே. சமநிலத்தில் அது சிறந்தது. கழற்றி நிறுத்தினாலும் சாயாது. ஆனால் ஈரச் சரிவில், எடை குறைந்த டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடியின்றிச் சுழலும். பின்னோக்கி ஓட்டுவதோ பெரும்பாடு. இரண்டு சக்கர டிரெய்லரின் அச்சு பின்தள்ளி அமைந்தமையால், பாரத்தின் ஒரு பங்கு டிராக்டரின் பின்பகுதியில் அமர்கிறது. ஃபெர்குசன் வலியுறுத்திய நெறி இதுவே: இழுக்கப்படும் பொருளின் எடையே இழுக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பைத் தரவேண்டும். எருதின் கழுத்தில் சிறிது பாரம் இருக்கவேண்டும் என்று வண்டிக்காரன் அறிந்ததும் இதனையே. எனினும் அளவு மீறினால் ஆபத்து. முன்பாரம் மிகுந்து செங்குத்தான ஏற்றத்தில் செல்லும் டிராக்டரின் முன்சக்கரங்கள் நிலத்தை விட்டு எழும். ஓட்டுநர் திருப்பும் சக்கரத்தைப் பிடித்திருந்தும் திருப்ப இயலாது.

பாலும் உரமும் ஏற்றிய அந்த டிரெய்லரிலேயே விடியற்காலையில் ஆட்களும் ஏற்றப்பட்டனர். மூட்டை வைத்த இடத்தில் இருக்கும் என்று கண்டோம்; மனிதர் அப்படியும் இரார். ஒரு புறம் நிழல் என்றால் அப்புறம் நெருங்குவர். திருப்பத்தில் ஒருவரையொருவர் பற்றுவர். பாரம் கணத்துக்குக் கணம் மாறும் அவ்வண்டியில் கைப்பிடியும் இருக்கையும் இல்லாத நிலை நெடுங்காலம் நீடித்தது. எத்தகைய டிரெய்லர் வாங்குவது என்பதைத் தீர்மானித்தவர் அலுவலகத்தில் இருந்தார்; அதில் ஏறிச் செல்பவரை எவரும் வினவவில்லை. தான் வாழப்போகும் வண்டியைத் தானே தேர்ந்தெடுக்கும் அமெரிக்கருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு செல்வத்தில் மட்டும் இல்லை.

அவ்வேறுபாடு வீட்டில் இன்னும் தெளிவாகப் புலப்படும். கொக்கியில் மாட்டிய வீட்டை இழுக்கும் வண்டியிலிருந்து கழற்றலாம். கழற்றியபின்னும் அது உரியவரின் வீடே. லயத்து வீடோ வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். லயம் அசையாமல் நிற்க, குடும்பம் அசைந்தது. தோட்டம் மாறுவோர் மாட்டு வண்டியிலோ லாரியிலோ ஏற்றிய பொருள்களை எண்ணினால், தகரப் பெட்டி, அம்மி, ஆட்டுக்கல், சாமிப் படம், கூடையில் அடைத்த கோழிகள் என்று பட்டியல் நீளும். உமணப் பெண்ணின் உரலும் கோழிக்கூடும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஆனால் அவளுக்கு வண்டி சொந்தம்; மாற்று அச்சும் இருந்தது.

1950-களில் இந்த நிலை நெருக்கடியாயிற்று. நாடு விடுதலையை நோக்கிச் சென்ற அக்காலத்தில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் பழைய ஆட்களுக்கு வேலையும் இல்லை, லயமும் இல்லை. வண்டியில் பொருளை ஏற்றிய குடும்பங்கள் வண்டியை எத்திசையில் திருப்புவது என்று அறியாது நின்றன. இதற்கு விடையாகத் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளரின் சிறுசிறு பங்குப் பணத்தைச் சேர்த்து, விற்பனைக்கு வரும் தோட்டத்தை அவர்களே வாங்குவது அதன் நோக்கம். அவ்வாறு 1961-இல் வாங்கப்பட்ட முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். அதன் லயங்களில் இருந்தோர் அவ்வாண்டு பெட்டி கட்டவில்லை.

பின்னர் ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. வெட்டிய பழக்குலை ஒரு நாளுக்குள் ஆலையைச் சேராவிடில் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், பழைய அவசரம் புதிய வடிவில் தொடர்ந்தது. மரங்களுக்கிடையே சேற்றில் எருமை வண்டியும் சிறு டிராக்டரும் குலைகளைச் சேர்த்தன. பெரிய டிரெய்லர்கள் ஆலைக்குக் கொண்டு சென்றன. 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், குரூணையும் சுங்கைப் பட்டாணியையும் கடந்து பட்டர்வொர்த் துறைமுகப் பக்கம் செல்லும் எண்ணெய்த் தொட்டி லாரிகள் ஐந்தாம் சக்கரத்தின்மேல் முன்பாரத்தை ஏற்றிச் செல்பவை. தொட்டியினுள் குறுக்குத் தகடுகள் அமைத்துள்ளனர். இறக்கத்தில் எண்ணெய் முழுதும் முன்னோக்கிப் பாயாதிருக்க அவை தடுக்கின்றன. புறப்படுமுன் ஓட்டுநர் கீழே குனிந்து, பிணைப்புத் தட்டில் முளை சரியாகப் பூட்டியுள்ளதா என்று பார்ப்பார். மாட்டு வண்டிக்காரர் கடையாணியைத் தட்டிப் பார்த்ததும் அவ்வாறே.