‘டு’ போடணுமா, ‘இங்’ போடணுமா? - ஆங்கில வினைச்சொற்களின் வால் ரகசியம்!

டாக்டருக்கு மெசேஜ் அனுப்புகிறீர்கள். ‘நேத்து நைட் மாத்திரை போட மறந்துட்டேன்’ என்பதுதான் விஷயம். அதை ‘ஐ ஃபர்காட் டேக்கிங் த டேப்லெட்’ என்று டைப் செய்தால் என்ன ஆகும்? ‘மாத்திரை போட்டாச்சு, ஆனா போட்டதே ஞாபகம் இல்ல’ என்று அர்த்தம் மாறிவிடும். மாத்திரையே போடாதவருக்கும், போட்டுவிட்டு மறந்தவருக்கும் டாக்டர் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார். நீங்கள் அனுப்ப வேண்டியது, ‘ஐ ஃபர்காட் டு டேக் த டேப்லெட்.’

இங்கே ஸ்பெல்லிங்கில் தப்பில்லை, டென்ஸிலும் தப்பில்லை. வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வால்தான் மாறிப்போனது. ஆங்கிலத்தில் தனக்குப் பின்னால் எந்த வால் வரணும்னு முடிவு பண்றது, முன்னால் நிற்கும் வினைச்சொல்தான். சில சொற்கள் ‘டு’ கேட்கும். சில ‘இங்’ கேட்கும். சில இரண்டையும் ஏற்றுக்கொண்டு அர்த்தத்தை மாற்றிவிடும். அந்த மூன்றாவது வகையில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். ஆனால், அதைப் புரிந்துகொள்ளத் தமிழே நமக்கு உதவும்!

போட மறந்தேன்... போட்டதை மறந்தேன்!

‘கதவைப் பூட்ட மறந்துட்டேன்’, ‘கதவைப் பூட்டினதை மறந்துட்டேன்’ - இந்த இரண்டையும் நாம் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. முதலாவதில் கதவு திறந்து கிடக்கிறது. இரண்டாவதில் பூட்டியிருக்கிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான்.

‘பூட்ட’ என்றால் ‘டு லாக்.’ ‘பூட்டினதை’ என்றால் ‘லாக்கிங்.’

ரிமெம்பருக்கும் இதே கணக்கு. ‘ரிமெம்பர் டு லாக் த டோர்’ என்றால், இனிமேல் செய்ய வேண்டிய வேலை. ‘மறக்காம பூட்டு’ என்று அர்த்தம். ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’ என்றால், செய்து முடித்த வேலை. ‘பூட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.’

வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் பார்க்கவே விரும்பாத ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ மெயிலும் இந்த வகைதான். இனிமேல் சொல்லப்போகும் கெட்ட செய்திக்கு முன்கூட்டியே வருத்தம் தெரிவிப்பது ‘ரிக்ரெட் டு.’ ஏற்கெனவே செய்ததை நினைத்து வருந்தினால், ‘ஐ ரிக்ரெட் லீவிங் தட் ஜாப்.’ ‘அந்த வேலையை விட்டதுக்கு வருத்தப்படுறேன்’ என்று பொருள்.

நிறுத்தினாரா... நின்றாரா?

‘ஹி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்’ என்றால் சிகரெட்டை விட்டுவிட்டார். குடும்பமே சந்தோஷப்படலாம். ‘ஹி ஸ்டாப்டு டு ஸ்மோக்’ என்றால், செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு சிகரெட் பிடிக்கப் போனார். ஒரே ஒரு ‘டு’தான், அர்த்தம் தலைகீழ்!

எதை நிறுத்தினார் என்று சொல்ல ‘இங்.’ எதற்காக நிறுத்தினார் என்று சொல்ல ‘டு.’

முயன்றேன்... செய்து பார்த்தேன்!

போன் ஹேங் ஆகிறது. கஸ்டமர் கேரிடம், ‘ஐ டிரைடு டு ரீஸ்டார்ட் த போன்’ என்கிறீர்கள். ரீஸ்டார்ட் செய்ய முயற்சி செய்தேன் என்று அர்த்தம். பெரும்பாலும் கேட்பவர், போன் ரீஸ்டார்ட்டே ஆகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘ஐ டிரைடு ரீஸ்டார்ட்டிங் த போன்’ என்றால், ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், பிரச்னை சரியாகுதான்னு சோதித்தேன் என்று அர்த்தம்.

தமிழில் ‘பண்ணிப் பார்த்தேன்’, ‘சாப்பிட்டுப் பார்த்தேன்’, ‘கேட்டுப் பார்த்தேன்’ என்று வந்தால், ஆங்கிலத்தில் ‘டிரை’க்குப் பின்னால் ‘இங்’ போடுங்கள். ‘பண்ண முயற்சி செய்தேன்’ என்று வந்தால் ‘டு.’

ஒரே வால்தான் பிடிக்கும்!

சில சொற்களுக்கு இந்த சாய்ஸே கிடையாது.

* ‘டு’ கேட்பவை: வான்ட், ஹோப், டிசைட், பிளான், பிராமிஸ், அக்ரீ, ரெஃப்யூஸ்.
* ‘இங்’ கேட்பவை: என்ஜாய், ஃபினிஷ், அவாய்டு, மைண்ட், கீப், பிராக்டிஸ், சஜஸ்ட்.

முதல் வரிசையைக் கவனியுங்கள். ஆசை, திட்டம், வாக்குறுதி என எல்லாமே இனிமேல் நடக்க வேண்டியவை. இரண்டாவது வரிசையில் பல சொற்கள், நடந்துகொண்டிருப்பதையோ நடந்து முடிந்ததையோ பேசுபவை. ‘டு’ முன்னால் பார்க்கும், ‘இங்’ பின்னால் பார்க்கும் என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம். சஜஸ்ட் மாதிரி சில சொற்கள் இந்தக் கணக்குக்கு அடங்காது. அவற்றைப் பழகித்தான் பிடிக்க வேண்டும்.

ஸ்டார்ட், பிகின், கன்டினியூ ஆகிய மூன்றும் பரம சாது. எந்த வாலைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது.

இன்டர்வியூவில் கவிழ்க்கும் ‘டு’

‘பிரஷர்ல வேலை பார்த்துப் பழக்கம் இருக்கு’ என்று சொல்ல நினைத்து, ‘ஐ யூஸ்டு டு ஒர்க் அண்டர் பிரஷர்’ என்றால் போச்சு. ‘முன்னாடி பார்த்தேன், இப்போ இல்ல’ என்றாகிவிடும். பழக்கம் இருக்கிறது என்பதற்கு, ‘ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் அண்டர் பிரஷர்.’ ஒரு ‘ஆம்’, ஒரு ‘இங்’ சேர்ந்தால் வேலை கிடைக்கும் பதில் ஆகிவிடுகிறது.

‘டு’ வந்த பிறகும் எப்படி ‘இங்’ வருகிறது? இந்த ‘டு’ வேறு. ‘ஸ்கூலுக்கு’, ‘ஊருக்கு’ என்பதில் வரும் ‘கு’ மாதிரி, இது பெயர்ச்சொல்லோடு சேரும் ‘டு.’ கண்டுபிடிக்க ஈஸியான டெஸ்ட் ஒன்று இருக்கிறது. ‘டு’வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஐ ஆம் யூஸ்டு டு த ஹீட்’, ‘ஐ லுக் ஃபார்வர்டு டு த வீக்எண்ட்’ - பொருந்துகிறதா? அப்படியென்றால், அங்கே வினைச்சொல் வரும்போது ‘இங்’ போட வேண்டும். அதனால்தான் மெயிலின் கடைசி வரி, ‘லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ.’ ‘டு மீட் யூ’ அல்ல.

தமிழ் காலை வாரும் இடங்கள்

இதுவரை கைகொடுத்த தமிழ், சில இடங்களில் கவிழ்த்தும் விடும்.

* சஜஸ்ட்: ‘என்னைப் போகச் சொன்னார்’ என்ற நினைப்பில் ‘ஹி சஜஸ்டட் மீ டு கோ’ என்கிறோம். தப்பு. ‘ஹி சஜஸ்டட் தட் ஐ கோ’ என்பதே சரி. ‘மீ டு’ வேண்டும் என்றால் ‘அட்வைஸ்’ இருக்கிறது: ‘ஹி அட்வைஸ்டு மீ டு கோ.’
* எக்ஸ்பிளெயின்: ‘எனக்கு விளக்குங்க’ என்பது ‘எக்ஸ்பிளெயின் மீ’ ஆகாது. ‘எக்ஸ்பிளெயின் இட் டு மீ.’
* டிஸ்கஸ்: தமிழில் ‘அதைப் பற்றி’ என்று வருவதால், ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று இழுக்கிறோம். ‘அபௌட்’ தேவையே இல்லை. ‘லெட்ஸ் டிஸ்கஸ் த பிளான்’ போதும்.
* மேக், லெட்: இவற்றுக்கு ‘டு’வும் வேண்டாம், ‘இங்’கும் வேண்டாம். ‘ஹி மேட் மீ வெயிட்’, ‘லெட் மீ செக்.’ ஆனால், ‘காக்க வைக்கப்பட்டேன்’ என்று திருப்பிச் சொன்னால், ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’ என்று ‘டு’ ஓடி வந்துவிடும்.

எப்படிப் பழகுவது?

சொல்லை மட்டும் படிக்காமல், வாலோடு சேர்த்துப் படிப்பதுதான் ஒரே வழி. ‘என்ஜாய் - ரசித்தல்’ என்று எழுதிவைப்பதைவிட, ‘ஐ என்ஜாய் குக்கிங்’ என்று எழுதிவைப்பது பல மடங்கு பயன் தரும்.

இந்த யோசனை புதிதல்ல. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ்.ஹார்ன்பி, தன் சகாக்களோடு சேர்ந்து வினைச்சொற்களை 25 அமைப்புகளாகப் பிரித்து, ஓர் அகராதி தயாரித்தார். 1942-ல் டோக்கியோவில் வெளியான அந்த அகராதியை, 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று மாணவர்கள் பயன்படுத்தும் ‘ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’ அதன் வழி வந்ததுதான். அதன் வெப்சைட்டை போனிலேயே பார்க்கலாம். அடுத்த முறை ஒரு வினைச்சொல்லைத் தேடும்போது அர்த்தத்தோடு நிறுத்தாமல், கீழே இருக்கும் உதாரண வாக்கியங்களையும் படியுங்கள்.

குட்டி டெஸ்ட்!

ஆங்கிலத்தில் சொல்லுங்கள் பார்ப்போம்.

1. அவரைப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கு.
2. நைட் ஷிஃப்ட் வேலை எனக்குப் பழக்கம்தான்.
3. டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம்.

விடைகள்: 1. ஐ ரிமெம்பர் மீட்டிங் ஹிம். 2. ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ். 3. வீ ஸ்டாப்டு டு டிரிங்க் டீ.

மூன்றாவதில் ‘ஸ்டாப்டு டிரிங்க்கிங்’ என்று சொன்னவர்கள், டீ குடிக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டீர்கள். பரவாயில்லை, ஒரு டீயைக் குடிச்சுட்டு இன்னொரு தடவை மேலேயிருந்து படிங்க!