பன்னிரண்டு படங்களின் வரலாறு

அரசர்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிற்கிறது. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த எளிய குடும்பங்களின் வரலாறு எங்கே நிற்கிறது? பெரும்பாலும் பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டியில், கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாக நிற்கிறது. அவற்றை எடுத்த கருவியை அறிந்தவர்க்கே அவ்வரலாறு முழுமையாக விளங்கும்.

1900-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடாக் நிறுவனம் ‘பிரௌனி’ என்னும் பெட்டிக் காமிராவை ஒரு டாலர் விலைக்கு வெளியிட்டது. செல்வர்க்கும் தொழிற்கலைஞர்க்கும் உரியதாயிருந்த கலை எளியோர் கைக்கு வந்தது. இரண்டாம் எண் பிரௌனிக்காக 1901-இல் தோன்றிய ‘120’ பிலிம் சுருள் இன்றும் உற்பத்தியாகிறது.

அவ்வழியில் வந்ததே நம் இல்லங்கள் நன்கறிந்த அக்பா கிளிக் மூன்று. அது அக்பா நிறுவனத்தின் கூட்டுறவுடன் பரோடாவில் உருவாயிற்று. அதற்குரிய கறுப்பு வெள்ளைச் சுருளை ‘இந்து’ என்னும் பெயரில் அளித்தது, உதகமண்டலத்தில் இருந்த மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை. 1960-இல் நிறுவப்பெற்று 1967-இல் உற்பத்தி தொடங்கிய அவ்வாலை இன்று இயங்கவில்லை. எனினும், தில்லியிலும் பம்பாயிலும் குடியேறிய தமிழர் பலரின் முகங்கள் நீலகிரியில் உருவான சுருளிலேயே பதிந்திருக்கக்கூடும் என்பது நினைக்க இனிக்கும் செய்தியன்றோ!

அக்காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே கிட்டும். முதுகிலுள்ள சிவப்புச் சாளரத்தில் எண் தெரியும்வரை சுருளைத் திருக வேண்டும். தூரத்திற்கேற்ப வில்லையைத் திருத்தும் வசதி இல்லை. மிக நெருங்கினால் உருவம் மங்கும். நோக்குச் சாளரம் வேறு, வில்லை வேறு ஆதலால், அருகில் நின்று எடுத்தால் தலை வெட்டுப்படுவதும் உண்டு. நல்ல வெயிலும் வேண்டும்.

இனி அப்பழைய படங்களைப் பாருங்கள். அனைவரும் வீட்டுக்குள் இராமல் முற்றத்திலோ மொட்டைமாடியிலோ ஏன் நிற்கின்றனர்? கண்களை ஏன் இடுக்குகின்றனர்? உச்சி முதல் பாதம் வரை ஏன் தெரிகின்றனர்? இவற்றை நம் முன்னோரின் கூச்சம் என்று கருதிவிடலாகாது. கருவி விதித்த ஒழுங்கிற்கும் இவற்றில் பெரும் பங்குண்டு. பன்னிரண்டில் ஒன்றைச் செலவிட வேண்டுமாயின் அதற்குரிய நாளும் வேண்டும். குழந்தையின் முதற்பிறந்தநாள், ஊரிலிருந்து பாட்டி வந்திறங்கிய நாள், தீபாவளிப் புத்தாடை என ஒவ்வொரு படமும் குடும்பம் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்ச்சி. அதன் ஒரு படியைக் கடிதத்துடன் ஊருக்கு அனுப்பியோர் நம்முள் பலர்.

அப்படங்களின் கறுப்பு, மையன்று. நுண்ணிய வெள்ளித் துகள். செவ்வனே கழுவி, ஈரம் படாது காத்தால் பல்லாண்டு நிலைக்கும். நிலையாதவை பெயர்களே. “இவர் யார்?” என்று பேரன் வினவும்போது விடையளிக்க வல்ல மூத்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆகவே, இப்பொங்கல் விடுமுறையில் அப்பெட்டியைத் திறவுங்கள். பெரியோரை அருகில் இருத்தி, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். நம் குடும்பத்தின் செப்பேட்டை நாமன்றி வேறு யார் பொறிப்பார்?